பிள்ளைகள் எனப்பட்ட பெரியவர்கள்: அறிவுத்திறன் குறைபாடுடைய இளம் வயதினர்க்கான உறைவிடப் பராமரிப்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் ‘பேதை’ என்னும் சொல் இரு பொருள் உடையது. அறிவில்லாதவரைக் குறிப்பது ஒன்று. பாட்டியல் மரபு வகுக்கும் மகளிர் பருவம் ஏழனுள் முதலாவதாகிய ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள சிறுமியைக் குறிப்பது மற்றொன்று. அறியாமையும் குழந்தைமையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. அறிவு வளர்ச்சி தடைப்பட்ட ஒருவர் எத்தனை வயதை எட்டினாலும் அவரைக் குழந்தையாகவே எண்ணும் போக்குப் பல சமுதாயங்களிலும் காணப்படுவதே. ஆயின் இவ்வெண்ணம் சொல்லளவில் நில்லாமல் சட்டமாகவும் கட்டடமாகவும் இல்ல நடைமுறையாகவும் உருக்கொள்ளும்போது அதன் விளைவு பெரிது. பதினெட்டு வயதைக் கடந்த ஓர் ஆணோ பெண்ணோ எந்த இல்லத்தில் வாழ்வது, யாருடன் வாழ்வது, எப்போது உறங்குவது என்பனவெல்லாம் அச்சொல்லைப் பொறுத்தே முடிவு செய்யப்படுகின்றன. இந்தியாவில் இத்தகைய இளம் வயதினர்க்கென அமைந்த உறைவிடப் பராமரிப்பின் தரம் எவ்வாறு உருவாயிற்று, எங்கே பிறழ்ந்தது என்பதை, அவர்களைச் சட்டமும் நிறுவனங்களும் பெயரிட்டு வகைப்படுத்திய முறையின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பெயர் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். பிரித்தானியாவில் ‘கற்றல் குறைபாடு’ என வழங்கப்படுவது அறிவுத்திறன் முழுவதையும் தழுவிய குறைபாடு. இந்தியாவிலோ அத்தொடர் படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் மட்டும் இடர்ப்படுவோரைக் குறிக்கிறது; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. தமிழில் ‘மந்தபுத்தி’ என்றும் ‘மூளை வளர்ச்சி குன்றியோர்’ என்றும் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்றும் வழங்கிவந்தவை இன்று ‘அறிவுசார் குறைபாடு’, ‘அறிவுத்திறன் குறைபாடு’ என மாறியுள்ளன. இக்கட்டுரை இறுதியிற் சுட்டிய சொல்லையே ஆள்கிறது. பழைய சொற்கள் சட்டத்தின் வாசகத்தையோ நிறுவனத்தின் பெயரையோ குறிக்க நேரும் இடத்தில் மட்டும் வருகின்றன.

இலக்கியச் சான்று

ஆதரவற்றோர்க்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் அறம் தமிழ் மரபில் மிகப் பழமையானது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் நேரும் குறைபாடுகளாக எட்டனை எண்ணுகிறது. அவற்றுள் ‘மருள்’ என்பது அறிவு மயக்கத்தைச் சுட்டுவதாக உரை கொள்ளப்படும். மணிமேகலையில் ஆபுத்திரன் அழைத்து உணவளிப்போர் பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், கால் முடப்பட்டோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆவர். இவ்வரிசையில் அறிவு வளர்ச்சி தடைப்பட்டோர் தனியே பெயர் பெறவில்லை. ‘பேணுநர் இல்லாதவர்’ என்பதனுள் அடங்கியிருத்தல் கூடும். உடற்குறை கண்ணுக்குப் புலனாவது. அறிவுக்குறை அவ்வாறு புலனாவதன்று. வகைப்படுத்துவோர் இவர்களை வேறு யாரோடேனும் சேர்த்து எண்ணிவிடும் வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது.

அக்காப்பியத்திலேயே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய காதை வருகிறது. கட்டடம் அதுவே, அதனுள் வாழ்வோர் நிலைதான் மாறுகிறது. பின்வரும் வரலாற்றில் இதற்கு எதிர்மறையான நிகழ்ச்சிகளும் உண்டு.

பித்தரோடு எண்ணப்பட்ட காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில், 1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம் பித்தர் காப்பகங்களுக்கு விதிகளை வகுத்தது. அச்சட்டப்படி ‘பித்தர்’ என்னும் சொல் மனம் திரிந்தோரையும் பிறவியிலேயே அறிவு வளராதோரையும் ஒருசேரக் குறித்தது. அதனை நீக்கி வந்த 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் இவ்விரு சாராரையும் ஒரே இலக்கணத்துள் அடக்கிற்று. நோயுற்றவர் மருந்தால் குணமடைந்து வீடு திரும்பக்கூடும். அறிவுத்திறன் குறைபாடு நோயன்று. அதற்குக் ‘குணமடைதல்’ என்பது இல்லை. ஆகவே காப்பகத்தின் வாயில் வழியே உள்ளே சென்ற இத்தகையோர்க்கு வெளியே வரும் வழி சட்டத்திலேயே குறுகலாக அமைந்தது. சென்னையில் 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மருத்துவமனை போன்ற பெரிய காப்பகங்கள் நாடெங்கும் இருந்தன. அறிவுத்திறன் குறைபாடுடையோர் அவற்றுள் சிகிச்சைக்கு உரியவராக அன்றிக் கொண்டு செல்வார் இல்லாதவராகவே தங்கிவிட்டனர்.

இச்சட்டத்தை நமக்கு அளித்த இங்கிலாந்து தன் நாட்டில் அப்படியே நின்றுவிடவில்லை. அங்கு 1886ஆம் ஆண்டிலேயே அறிவுக்குறை உடையோர்க்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1913ஆம் ஆண்டின் மனக்குறைச் சட்டம் அவர்களை நான்கு பிரிவாக வகுத்துத் தனிக் குடியிருப்புகளுக்கு அனுப்பியது. இதனை முன்னேற்றம் என எளிதில் சொல்லிவிட முடியாது. தாழ்ந்த அறிவு பரம்பரையாகப் பெருகும் என்னும் அச்சமே அச்சட்டத்தின் பின்னணி. ஒதுக்கி வைத்தலே அதன் உள்நோக்கம். எனினும் தனியே பெயரிட்டமையால் தனியே ஆராயும் வாய்ப்பு அங்கு உண்டாயிற்று. இந்தியாவில் 1912ஆம் ஆண்டின் சட்டம் 1993 ஏப்ரலில் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சொல்லின் கீழ் இரு சாராரும் இருந்தனர்.

புதிய சட்டம் இவர்களைப் பிரித்தது. ஆனால் பிரித்த முறை வியப்புக்குரியது. மனநோயாளி யார் என வரையறுக்கும்போது மனவளர்ச்சிக் குறை தவிர்ந்த பிற கோளாறு உடையவர் என்று கூறி, ஒரு விலக்கின் வழியே இவர்களை அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. வெளியே நின்றவர் எங்கே செல்வது என்பதற்கு அச்சட்டம் விடை கூறவில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட பின்னர், மனநோயாளிகளைத் தங்கவைக்கும் இல்லங்களின் உரிமம் குறித்து நாடெங்கும் கடுமை காட்டப்பட்டது. அக்கடுமைக்கு அடிப்படையான மனநலச் சட்டத்தின் உரிம விதிகள் அறிவுத்திறன் குறைபாடுடையோர் இல்லங்களுக்குப் பொருந்துவன அல்ல. அவ்வில்லங்களின் பதிவுக்கு வழி செய்தது 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டமாகும். பதிவு என்பது வேறு, தரம் என்பது வேறு என்பதை அதன்பின் வந்த ஆண்டுகள் காட்டின.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இக்கலப்பு நெடுநாள் நீடித்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ‘மனம் சார்ந்த குறைபாடு’ என ஒரே தலைப்பில் 22,63,821 பேரைக் காட்டிற்று. 2011ஆம் ஆண்டில்தான் மனவளர்ச்சிக் குறை உடையோர் 15,05,624 பேர் எனவும் மனநோய் உடையோர் 7,22,826 பேர் எனவும் பிரித்து எண்ணப்பட்டனர்.

தரத்தை அளந்த முயற்சி

இல்லம் ஒன்றின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? கட்டடத்தின் பரப்பு, கட்டில்களின் எண்ணிக்கை, பணியாளர் விகிதம், மருந்து இருப்பு என்பனவே அரசு ஆய்வாளர் பொதுவாகக் குறித்துச் செல்பவை. இவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தேடியவர் பிரித்தானிய உளவியலாளர் ஜாக் டிசார்டு. இந்திய இல்லங்களைப் பற்றிப் பேசும் கட்டுரையில் அவருக்கு ஏன் இடம் என வினவலாம். இன்று நாம் ‘தரம்’ என்னும் சொல்லால் கருதுவதற்கு ஆய்வு வடிவம் தந்தோருள் அவர் முக்கியமானவர். இங்குள்ள இல்லங்களை எதிர்கொள்ள அவர் தந்த அளவுகோல் பெரிதும் பயன்படும்.

இலண்டனில் இருந்த ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து பதினாறு குழந்தைகளை 1958ஆம் ஆண்டில் ‘புரூக்லாண்ட்ஸ்’ என்னும் வீட்டுக்கு அவர் மாற்றினார். அவர்களை ஒத்த பதினாறு குழந்தைகள் மருத்துவமனையிலேயே இருந்தனர். புதிய வீட்டில் சிறு குழுக்கள், விளையாட்டு, பழகிய முகங்கள் என நாள்கள் சென்றன. இரண்டாண்டு முடிவில் மொழித்திறனை அளந்தபோது, வீட்டில் வளர்ந்தோர் சராசரியாகப் பதினான்கு மாத வளர்ச்சியும், மருத்துவமனையில் இருந்தோர் ஆறு மாத வளர்ச்சியும் பெற்றிருந்தனர். குறைபாடு மாறவில்லை, இடமும் பழகிய முறையுமே மாறின.

இதனைத் தொடர்ந்து ராய் கிங், நார்மா ரேய்ன்ஸ், டிசார்டு மூவரும் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் உறைவிடங்கள் பலவற்றை நான்கு கூறுகளால் ஒப்பிட்டது. நாள்முறையில் நெகிழ்வின்மை முதலாவது: வேலை நாளும் விடுமுறையும் ஒரே மணிக்கு எழுப்பப்படுகின்றனரா? அனைவரையும் ஒரு கட்டாக நடத்துதல் இரண்டாவது: குளியலுக்கு வரிசையில் காத்து நிற்கின்றனரா? தனித்தன்மை இழத்தல் மூன்றாவது: தமக்கெனத் தனி உடையும் அதனை வைக்க இடமும் உண்டா? பணியாளர்க்கும் உறைவோர்க்கும் இடையிலான விலகல் நான்காவது: பணியாளர் அவர்களோடு அமர்ந்து உண்கின்றனரா? இவ்வினாக்களின் சிறப்பு அவற்றின் எளிமை. பெரும் பொருட்செலவோ மருத்துவ அறிவோ இன்றி ஒரு முற்பகல் வேளையில் எவரும் விடை காணலாம். இல்லத்தின் அளவோ பணியாளர் தொகையோ மட்டும் தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதும், இல்லத் தலைவர் பெற்ற பயிற்சியும் தாமே முடிவெடுக்க அவர்க்கிருந்த உரிமையும் பெரிதும் காரணமாயின என்பதும் அவ்வாய்வின் முடிவுகளாகும்.

இவை குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள். வயதுவந்தோர்க்கு உரிய கருத்து சுவீடனைச் சேர்ந்த பெங்ட் நிர்யேயிடமிருந்து வந்தது. அவர் 1969ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஏனையோர்க்கு வாய்க்கும் நாளின் ஒழுங்கும் வாரத்தின் ஒழுங்கும் ஆண்டின் ஒழுங்கும் இவர்க்கும் வாய்க்க வேண்டும் என்றதோடு அமையாமல், வாழ்க்கைப் பருவங்களையும் இவர்கள் கடந்து செல்ல வேண்டும் என்றார். வயதுவந்தோர் குழந்தைகளோடு ஒரே வளாகத்தில் வாழ்தல் ஆகாது என அவர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். தாம் இன்னும் குழந்தையே என்னும் உணர்வை அவ்வாழ்க்கை நாள்தோறும் ஊட்டிக்கொண்டிருக்கும் என்பது அவர் தந்த காரணம்.

இங்கிலாந்து இக்கருத்துகளை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. வேல்சிலுள்ள கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நடந்த கொடுமைகள் பற்றிய விசாரணை அறிக்கை 1969ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னரே, 1971ஆம் ஆண்டின் அரசு வெள்ளை அறிக்கை மருத்துவமனை இடங்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்க இலக்கு வகுத்தது. பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ளோர் இல்லங்களுக்கெனக் குறைந்தபட்சத் தர விதிகள் 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. தனி அறை, தனிப்பட்ட பராமரிப்புத் திட்டம், முடிவெடுப்பதில் பங்கு எனப் பலவற்றை அவை விரித்துரைத்தன. அத்தகைய விதிகளும் மேற்பார்வை அமைப்பும் இருந்த நாட்டிலேயே, பிரிஸ்டல் அருகே இயங்கிய வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில் பணியாளர்கள் உறைவோரை அடித்துத் துன்புறுத்தியதை 2011 மே மாதம் பி.பி.சி. தொலைக்காட்சி மறைவாகப் படம்பிடித்துக் காட்டிற்று. பதினொருவர் தண்டனை பெற்றனர். விதி எழுதுவதால் மட்டும் தரம் வந்துவிடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எனினும் விதியே இல்லாத நிலையை இது நியாயப்படுத்தாது.

பிள்ளைகளோடு எண்ணப்பட்ட காலம்

இந்தியாவில் விடுதலைக்கு முன்னும் பின்னும் எழுந்த புதிய முயற்சிகள் பெரும்பாலும் பெற்றோராலும் தொண்டு அமைப்புகளாலும் தொடங்கப்பட்டவை. மும்பையில் 1944ஆம் ஆண்டில் தோன்றிய ஜெய் வக்கீல் பள்ளி, தம் மகளுக்காக ஒரு குடும்பம் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்ததாகும். இத்தகைய முயற்சிகளுள் பெரும்பாலானவை பள்ளிகளாகவே அமைந்தமை இயல்பு. பெற்றோர் முன்னிருந்தது குழந்தை. அக்குழந்தை வளர்ந்து முப்பது வயதை எட்டும்போது பள்ளியின் பெயர்ப்பலகை மாறுவதில்லை. ‘சிறப்புக் குழந்தை’ என்னும் அன்புச் சொல்லும் மாறுவதில்லை. நரை தோன்றியவரையும் ‘பையன்’ என்றும் ‘பாப்பா’ என்றும் அழைக்கும் வழக்கைத் தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் காணலாம். அழைப்பவர் அன்போடுதான் அழைக்கின்றனர். அதனாலேயே அதனைக் குறை சொல்வது கடினமாகிறது.

அரசு இல்லங்களில் இச்சிக்கல் வேறு வடிவம் கொண்டது. இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் ஆதரவற்ற குழந்தை ஓர் இல்லத்தில் சேர்க்கப்படுகிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் அவ்வில்லத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது பொது விதி. அறிவுத்திறன் குறைபாடுடையவர் எங்கே வெளியேறுவார்? குழந்தைகள் இல்லத்திலேயே வைத்திருத்தல், பெண்ணாயின் மகளிர் காப்பகத்துக்கு மாற்றுதல், மனநல மருத்துவமனைக்கு அனுப்புதல் என்னும் மூன்றே வழிகள் அதிகாரிகள் முன் இருந்தன. மூன்றும் வேறு யாருக்காகவோ அமைந்தவை. தமிழ்நாட்டில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கெனத் தொண்டு நிறுவனங்கள் வழியே இல்லங்களுக்கு அரசு உதவிவருவது இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாகும். ஆயினும் பதினான்கு வயதுச் சிறுவனும் நாற்பது வயது ஆணும் அந்த வரையறையுள் ஒன்றாகவே அடங்குகின்றனர்.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் அக்காலத்தே நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டில் பிரான்சில் ழான் வனியே, பெரிய நிறுவனம் ஒன்றில் வாழ்ந்த அறிவுத்திறன் குறைபாடுடைய ஆடவர் இருவரைத் தம்மோடு ஒரே வீட்டில் வாழ அழைத்துவந்ததிலிருந்து ‘லார்ஷ்’ இயக்கம் பிறந்தது. அதன் இந்திய இல்லமான ஆஷா நிகேதன் 1970ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிற்று. பின்னர் கொல்கத்தா, சென்னை, கேரளம் ஆகிய இடங்களிலும் தோன்றியது. வயதுவந்தோர் சிலரும் உதவியாளரும் ஒரே உலையில் சமைத்து ஒரே பந்தியில் உண்ணும் முறை அங்குப் பேணப்பட்டது. கிங் முதலியோர் வகுத்த நான்காம் கூறு இங்கே கோட்பாடாக அன்றி வாழ்க்கையாக அமைந்தது எனலாம். வனியே பெண்கள் சிலரிடம் பாலியல் முறைகேடாக நடந்துகொண்டார் என்பதை அவ்வியக்கமே ஏற்பாடு செய்த விசாரணை 2020ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. அப்பெண்கள் குறைபாடுடையோர் அல்லர். நிறுவியவரின் ஒழுக்கக்கேட்டை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் தகாது. சிறு வீடு என்னும் அமைப்பின் பயனை அதன்பொருட்டு மறுத்தலும் வேண்டுவதில்லை.

புனே, சண்டிகர்

பெண்களின் நிலை இன்னும் கடுமையானது. 1994 பிப்ரவரியில், மகாராட்டிரத்துச் சிரூரில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான அரசு இல்லத்துப் பெண்கள் சிலருக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கருப்பை நீக்க அறுவை செய்யப்பட்டது. மாதவிலக்கின்போது அவர்களால் தூய்மை பேண முடியவில்லை என்பது கூறப்பட்ட காரணம். மகளிர் அமைப்புகளின் எதிர்ப்பால் அறுவைகள் நிறுத்தப்பட்டன. நாளடைவில் சிறுகச் சிறுகப் பழக்கிக் கற்பிக்கக்கூடிய ஒன்று கற்பிக்கப்படாமல் விடப்பட்டது. அக்குறை பணியாளர் பற்றாக்குறையின் குறையாக எண்ணப்படாமல் அப்பெண்களின் உடற்குறையாக எண்ணப்பட்டது. இல்லத்தின் வசதிக்காக உறைவோரின் உடல் மாற்றியமைக்கப்பட்டது என்பதே இதன் நேர்ப்பொருள். அவர்களைக் குழந்தைகள் எனக் கருதியோர், குழந்தையின் உடலுக்கு அவ்வாறு செய்யத் துணிந்திருப்பரா என்பது எண்ணத்தக்கது.

சண்டிகர் வழக்கு இதனினும் விரிவாக நோக்கத்தக்கது. பத்தொன்பது, இருபது வயதுடைய ஆதரவற்ற பெண் ஒருவர் ‘மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான அரசு நிறுவனம்’ என்னும் பெயருடைய இடத்தில் வாழ்ந்துவந்தார். அங்கிருந்து பின்னர் ‘நாரி நிகேதன்’ என்னும் அரசு மகளிர் காப்பகத்துக்கு மாற்றப்பட்டார். அரசின் பொறுப்பிலிருந்த அக்காப்பகத்தில் அவர் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றமை 2009 மே மாதத்தில் தெரியவந்தது. கருவைக் கலைக்க அனுமதி வேண்டிச் சண்டிகர் நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் சூலை மாதத்தில் அதற்கு ஆணையிட்டது. குழந்தையைப் பெற்று வளர்க்க அப்பெண் விரும்பியது பதிவாகியிருந்தும், அவருடைய அறிவு ஒரு சிறுமியின் அறிவுக்கு ஒப்பானது என்னும் கருத்து முன்நின்றது.

உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி, 2009 ஆகஸ்டு 28ஆம் நாள் தன் காரணங்களை வெளியிட்டது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த பி. சதாசிவம், பி.எஸ். சௌகான் ஆகிய மூவர் அவ்வாயத்தில் இருந்தனர். தீர்ப்பு ஒரு சொல்லாராய்ச்சியைச் சார்ந்து நின்றமை தமிழ் ஆய்வாளர் கருதத்தக்கது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் முதலில் ‘பித்தர்’ என்னும் சொல்லை ஆண்டது. 2002ஆம் ஆண்டின் திருத்தம் அதனை நீக்கி ‘மனநோயாளி’ எனக் கூறி, மனவளர்ச்சிக் குறையை அதிலிருந்து விலக்கியது. ஆகவே மனநோயாளிக்காகக் காப்பாளர் இசைவு தரலாம். மனவளர்ச்சிக் குறை உடைய வயதுவந்த பெண்ணுக்காக வேறொருவர் இசைவு தர இயலாது. அவர் தம் இசைவே வேண்டும் என நீதிமன்றம் கூறிற்று. முன்னர் 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் இவர்களை வெளியே நிறுத்திய அதே விலக்கு, இங்கே ஒரு பெண்ணின் வயதுவந்த நிலையைக் காத்தது. வரலாற்றில் இத்தகைய முரண் அரிதன்று.

எனினும் தீர்ப்பைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. வழக்கின் வினா, கரு இருப்பதா கலைவதா என்பதாக அமைந்தது. பாதுகாப்பு இல்லம் ஒன்றில் இது எவ்வாறு நிகழ்ந்தது, இரவில் அங்கு யார் காவல் இருந்தனர், அப்பெண் தமக்கு நேர்ந்ததைச் சொல்ல யாரேனும் ஒருவர் இருந்தனரா என்பன இல்லத்தின் தரம் பற்றிய வினாக்கள். அவை குற்றவழக்குக்கு உரியனவாக ஒதுங்கிவிட்டன.

‘மன வயது’ என்னும் கருத்து மீண்டும் 2017ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பெருமூளை வாதம் உடைய, முப்பத்தெட்டு வயதான பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தைக் குழந்தைகளுக்கான பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரிக்க வேண்டும். அவருடைய மன வயது சிறுமியின் வயதே என்பது வாதம். வாதிட்டோர் நோக்கம் நல்லதே. அச்சட்டத்தின் பாதுகாப்பான விசாரணை முறை அவருக்கும் கிடைக்கும். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வயது என்பது உடலின் வயதே என்றது. பாதுகாப்பை வேண்டிக் குழந்தையாதலும், குழந்தையாகி உரிமை இழத்தலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக இவ்வழக்கில் தோன்றுகின்றன.

ஆஷா கிரண்

தில்லி ரோகிணிப் பகுதியில் தில்லி அரசு நடத்திவரும் ஆஷா கிரண் இல்லம், அறிவுத்திறன் குறைபாடுடையோர்க்கென நாட்டில் அமைந்த பெரிய இல்லங்களுள் ஒன்று. 350 பேர்க்கு அமைந்த அவ்விடத்தில் ஏறக்குறைய 900 பேர் வாழ்ந்தனர் என, மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. குழந்தைகளும் வயதுவந்தோரும் ஒரே வளாகத்தில் இருந்தனர். நிர்யே ஆகாதென்ற அமைப்பு இதுவே. 2024 சூலை மாதத்தில் மட்டும் அங்குப் பதினால்வர் இறந்தனர். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, குடிநீரை ஆய்வு செய்யவும் நெரிசலைக் குறைக்கவும் ஆணையிட்டது.

பெருங்கூட்டத்தில் நோய் விரைவில் பரவும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆயின் இத்தகைய இல்லத்தில் வேறொரு இடர் உண்டு. தமக்கு நோவு உண்டென வாயால் சொல்ல இயலாதவர் பலர். அவருடைய முகம் சுருங்குவதையும் உணவைத் தள்ளுவதையும் கண்டு, ‘இன்று இவர் வழக்கம்போல் இல்லை’ என உணரக்கூடியவர், அவரை நெடுநாள் அறிந்த ஒரு பராமரிப்பாளரே. நூறு பேரை மாறிமாறிக் காண்பவரால் இது இயலாது. ஆகவே சிறு குழு, நிலையான பணியாளர், தனித்தனியே அறிதல் ஆகியவை வசதி படைத்த நாட்டின் ஆடம்பரங்கள் அல்ல. உயிர் காக்கும் ஏற்பாடுகள். கட்டில்களை எண்ணும் ஆய்வுமுறையில் இவை இடம்பெறுவதில்லை.

பெற்றோரின் வினாவும் சட்டத்தின் விடையும்

‘எமக்குப் பின் யார்?’ என்பது இத்தகைய மக்களைப் பெற்றோர் அனைவரும் கேட்கும் வினா. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அவ்வினாவிலிருந்தே பிறந்தது. தன்னிலைச் சிந்தனைக் குறைபாடு, பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலையினர்க்கு உரியது அச்சட்டம். பெற்றோர் இறந்தபின் பராமரிப்பு அதன் நோக்கங்களுள் வெளிப்படையாகக் கூறப்பட்டது. வயதுவந்தோர்க்கெனக் ‘கரோண்டா’ என்னும் குழு இல்லத் திட்டத்தையும் அவ்வறக்கட்டளை வகுத்தது. வயதுவந்தோர் என்னும் சொல் ஓர் அரசுத் திட்டத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றமை கருதத்தக்கது. சண்டிகர் வழக்கிலும் அப்பெண்ணைப் பேண முன்வந்தது இவ்வறக்கட்டளையே.

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் சமுதாயத்தில் வாழும் உரிமை உடையவர் என்றும், குறிப்பிட்ட ஓர் உறைவிடத்தில்தான் வாழ வேண்டும் என அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. இல்லத்தின் தரம் என்னும் வினாவுக்கு முன்னே, ‘இந்த இல்லத்தில் வாழ இவர் விரும்பினாரா?’ என்னும் வினாவை இப்பிரிவு வைக்கிறது. ஆனால் தேர்ந்துகொள்ள வேறிடம் இல்லாதபோது விருப்பம் என்பதற்குப் பொருள் குறைவு. கிராமத்து வீட்டில் வயது முதிர்ந்த தாயோடு வாழும் முப்பது வயது மகனுக்கு, தாய்க்குப் பின் அரசு இல்லம் அல்லது தெரு என்னும் இரண்டனுள் ஒன்றே எஞ்சுமாயின், ஐந்தாம் பிரிவு ஏட்டில் மட்டும் இருக்கும்.

2025 செப்டம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆஷா கிரண் இல்லத்தை ஒட்டி எழுந்த வழக்கில், அறிவுத்திறன் குறைபாடுடையோர் வாழும் அரசு பராமரிப்பு இல்லங்களை நாடு முழுவதும் ஆராயும் பணியைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எட்டிடம் ஒப்படைத்தது. நிறுவனத்தில் அடைத்து வைக்கும் முறையிலிருந்து சமுதாயத்தில் வாழும் முறைக்கு மாறுதல் அதன் நோக்கமெனத் தீர்ப்பு குறிக்கிறது. இத்தகைய ஆய்வு தமிழகத்தில் நிகழும்போது அதன் வினாப் படிவம் தமிழில் அமைதல் வேண்டும். உறைவோரிடமே பேசுவதாயின் எளிய பேச்சுத் தமிழில் அமைதல் வேண்டும். மொழித்துறைகளுக்கு அதில் உரிய பணி உண்டு. ‘இல்லத்தில் எத்தனை பிள்ளைகள்?’ எனத் தொடங்கும் படிவமும், ‘இங்கு வாழ்வோர் எத்தனை பேர், அவர்களுள் பதினெட்டு வயதைக் கடந்தோர் எத்தனை பேர்?’ எனத் தொடங்கும் படிவமும் ஒரே விடையைப் பெற்றுத் தாரா. எழும் நேரத்தை யார் முடிவு செய்கின்றனர், உடுத்திருக்கும் உடை யாருடையது, பணியாளர் எங்கே அமர்ந்து உண்கின்றனர், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்னும் வினாக்களை அப்படிவத்தில் சேர்ப்பதற்குத் தனிச் செலவு எதுவும் ஆகாது.